ஈரத் துண்டுக்கும் கல்லீரல் பலவீனம்

கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அதிர்வெண்ணால் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்ற ஒரு ஃப்ரீக்வென்சி மெஷினுக்கு இரண்டரை மாதச் சம்பளம். அதைத் தொடர்ந்து வந்த மாத்திரை, பொடி, சொட்டு மருந்து வகையறாவுக்கு இன்னொரு ஒன்றரை மாதச் சம்பளம். 8 மாத காலம். இடது கையில் இரண்டு விரல்களின் அடிக்கணுவில் எலும்பு அரிப்பு. எக்ஸ்ரேயில் பார்த்தால் எலி கொறித்த காகிதத்தின் ஓரம் மாதிரி இருக்கிறது. பணத்தை மெதுவாகச் சேர்த்துவிடலாம், கொஞ்சம் சேர்த்தும் விட்டேன். அந்த எலும்பு திரும்ப வளராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இதை யார் மீதும் உள்ள கோபத்தில் எழுதவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய். கோபம் இருக்கிறது. பாதி விற்றவர்கள் மேல், மீதி என் மேல்.

தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, இளகுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினேன், பிறகு போடவே இல்லை. மூன்று மாதம் "வேலை அதிகம், அதான்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தபோது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார்கள். தமிழில் முடக்குவாதம். கிருமியைத் தாக்க வேண்டிய நம் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்கும் நோய். டாக்டர் மூன்று மருந்து எழுதினார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், அந்த எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் ஆசிட், முதல் சில வாரங்களுக்கு மட்டும் குறைந்த அளவு ஸ்டீராய்டு. (மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். தவறுதலாகத் தினமும் போட்டு உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. இந்த மாத்திரை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், எந்தக் கிழமை என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.) "இது வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான் ஸ்டீராய்டு" என்றும் சொன்னார். பின்னால் நடந்ததற்கெல்லாம் விளக்கம் அந்த இரண்டு வரியில் இருந்தது. நானோ அதற்கு முன்னால் அவர் சொன்ன "ரொம்ப வருஷம் சாப்பிட வேண்டியிருக்கும்" என்பதிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த நாள் ஆபீஸ் போனேன்.

மாத்திரை போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டும். ஒரு நாளை இழந்துவிட்டு ஆறு நாள் வாழ்வது என்று ஒரு வாரக்கணக்கு உருவாகியிருந்தது. ஏழாவது வாரம், என் நாத்தனாருக்குத் தெரிந்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். "அக்கா, மருந்தே வேண்டாம்னு நான் சொல்லல. ஒரு ஸ்கேன் மட்டும் பாருங்க, இலவசம்தான்." இரண்டு உலோக உருளைகளைக் கையில் பிடிக்கச் சொன்னார். வயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போனது, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு. திரையில் ஒரு மனித உருவம், உறுப்பு உறுப்பாகச் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி ஒளிர்ந்தது. இரண்டு நிமிடத்தில் நாற்பது வரிக்கு மேல் ஒரு அறிக்கை வந்தது. மூட்டு பலவீனம், குடலில் ஒட்டுண்ணி, கல்லீரலில் நச்சு, தூக்கக் குறைவு, மன அழுத்தம். அத்தனையும் எனக்குப் பொருந்தியது! நாற்பது வயது தாண்டி வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்குத்தான் பொருந்தாது என்று அப்போது தோன்றவில்லை. ஒருத்தர் அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பார்த்து, எப்போது வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் நான் வாங்கியது அந்த அரை மணி நேரத்தைத்தான். மெஷின் அதோடு கூட வந்தது.

அவர் சொன்ன விளக்கம் இது. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு அதிர்வெண் உண்டு. பாடகி ஒருத்தி சரியான சுருதியில் பாடினால் கண்ணாடிக் கோப்பை உடையும் இல்லையா, அதே மாதிரி சரியான அதிர்வெண்ணைக் கொடுத்தால் கிருமி உடைந்துபோகும். 1930களில் ராயல் ரைஃப் என்ற அமெரிக்கர் இதைக் கண்டுபிடித்தார், மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன. ரைஃப் என்று ஒருவர் இருந்தது உண்மைதான். சான் டியாகோவில் நுண்ணோக்கிகள் செய்தவர், 1971இல் இறந்தார். அவர் சொன்னதை யாராலும் முறையாகத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை என்பதுதான் மறைத்ததாகச் சொல்லப்படும் அந்த ரகசியம். கண்ணாடிக் கோப்பை விஷயத்துக்கு அப்போதே பதில் தெரிந்திருக்க வேண்டும். தட்டினால் கணீர் என்று நீண்ட நேரம் ஒலிக்கும் பொருள்தான் அப்படி உடையும். அதே கோப்பையைத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்துத் தட்டிப் பாருங்கள், ‘டொக்’ என்று அடங்கிவிடும். நம் உடம்புக்குள் இருக்கும் கிருமி அதைவிட மென்மையான, ஈரமான சூழலில் மிதக்கிறது. அங்கே அதிர்வு சேர்ந்து பெருக வழியில்லை, கரைந்து போகும்.

அதைவிட எளிய கேள்வி ஒன்று இருந்தது. அதை நான் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு வெட்கம். என் நோய் கிருமியால் வருவதே இல்லையே! தாக்குவது என் சொந்த வெள்ளணுக்கள். அவற்றைக் கொல்லும் அதிர்வெண் ஒன்று இருந்தால், கெட்டுப்போன அணுவையும் நல்ல அணுவையும் அது எப்படிப் பிரித்துப் பார்க்கும்? உங்களிடம் யாராவது இப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தால், முதல் கேள்வியாக "இது எதைக் கொல்கிறது? என் நோய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேளுங்கள். சர்க்கரை, தைராய்டு, முதுகுவலி, மன அழுத்தம், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டியில் எண் இருக்கிறது என்றால் அங்கேயே எழுந்துவிடலாம். எல்லா நோய்க்கும் ஒட்டுண்ணிதான் காரணம் என்று சொல்லி, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் ‘ஸாப்பர்’ கருவியைப் பிரபலப்படுத்திய ஹல்டா கிளார்க் 2009இல் இறந்தார். காரணம் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய ‘7 நிமிடம் ஓட்டு, 20 நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை’ என்ற அதே அட்டவணைதான் எனக்கும் தரப்பட்டது. 8 மாதம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதைச் செய்தவள் நான்.

அவர்கள் காட்டிய சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகிதம் பார்த்தே பழகிய நான் காகிதத்தில்தான் ஏமாந்தேன். ‘எஃப்டிஏ பதிவு பெற்றது’ என்று ஒன்று இருந்தது. எஃப்டிஏ என்பது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு. அதில் ஒரு நிறுவனம் தன் பெயரைப் பதிவு செய்துகொள்வது வேறு, அந்தக் கருவி வேலை செய்கிறது என்று எஃப்டிஏ அனுமதி கொடுப்பது வேறு. முதலாவது விலாசம் கொடுப்பது மாதிரிதான். இன்னொன்று மின் பாதுகாப்புச் சான்றிதழ். அதன் பொருள் ஷாக் அடிக்காது என்பது மட்டுமே, நோய் தீரும் என்பதல்ல. அப்புறம் உண்மையான ஆய்வுகளையும் காட்டினார்கள். மின்சாரமும் அதிர்வெண்ணும் மருத்துவத்தில் நிஜமாகவே பயன்படுகின்றன. ஒட்டாத எலும்பு முறிவுக்குத் துடிப்பு மின்காந்தப் புலம் கொடுக்கும் கருவிக்கு 1979இலேயே அனுமதி கிடைத்தது. க்ளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய்க்கு 200 கிலோஹெர்ட்ஸ் மின்புலம் தரும் கருவிக்கு 2011இல் கிடைத்தது. பிசியோதெரபியில், தோல் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தும் டென்ஸ் கருவி சிலருக்கு வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, ஒரு குறிப்பிட்ட அளவில், சோதித்துப் பார்த்து வந்தது. அந்த ஆய்வுகளைக் காட்டி இந்தப் பெட்டியை விற்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டி வேலை கேட்பது மாதிரி. எந்த ஆய்வைக் காட்டினாலும், அதில் சோதித்தது இதே மாடல்தானா, இதே நோய்க்குத்தானா என்று பாருங்கள். இன்னொன்று: பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மின் கருவியையும் உடம்பில் வைக்கவே கூடாது. என் வீட்டுக்கு வந்த பெண் அதைக் கேட்கக்கூட இல்லை.

சரி, வாங்கினேன். ‘30 நாளில் பணம் வாபஸ்’ என்று இருந்தது. கையேட்டின் ஆறாம் பக்கத்தில் ‘முழுப் பலன் தெரிய 90 நாள்’ என்றும் இருந்தது. இரண்டையும் படித்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் படிக்கவில்லை. தொழில் கணக்கு எழுதுவது! கார்டில் கட்டினால் ஒரு விலை, நேரடியாக அக்கவுண்டுக்கு அனுப்பினால் பத்து சதவீதம் குறைவு என்றார்கள். அனுப்பினேன். கார்டில் கட்டியிருந்தால் பிற்பாடு வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும். அந்தப் பத்து சதவீதம் எதற்குத் தள்ளுபடி என்று இப்போது புரிகிறது.

மூன்று வாரத்தில் கை நன்றாகிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே வீக்கம் வடிந்தது. பாட்டில் மூடியை நானே திறந்தேன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து அழுதேன். அவர் சொன்னதன் பேரில் இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன், கையை விரித்து, மூடி, விரித்துக் காட்டி. மறு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகவும் இல்லை.

இப்போது அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மருந்து தொடங்கி ஏழாவது வாரம் மெஷின் வந்தது. பத்தாவது வாரம் கை தேறியது. மருந்து வேலை செய்ய 6 முதல் 12 வாரம் என்று டாக்டர் சொன்ன அதே கணக்கு. போதாததற்கு ஸ்டீராய்டு வேறு. உழைத்தவன் ஒருவன், சம்பளம் வாங்கியவன் இன்னொருவன். என் நோட்டில் எந்தத் தேதியில் எந்த மாத்திரை என்று எழுதியிருந்தேன், எந்தத் தேதியில் மெஷின் என்றும் எழுதியிருந்தேன். இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் 8 மாதம் ஆனது. இது எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. நாள்பட்ட நோய் எதுவும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஏறும், இறங்கும். நாம் புதிதாக ஒன்றைத் தேடி ஓடுவது எப்போது? ஏறி உச்சத்தில் நிற்கும்போதுதான். அதன்பின் எதைச் செய்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும், கொஞ்சம் இறங்கத்தான் போகிறது. அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்குப் பேர் கிடைக்கும். அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரே சமயத்தில் இரண்டு புது விஷயத்தைத் தொடங்காதீர்கள். தொடங்கத்தான் போகிறீர்கள் என்றால் பழையதை நிறுத்தாதீர்கள்.

நிறுத்தி ஏழு வாரம் கழித்து ஒரு விடியற்காலை, போர்வையை விலக்க விரல் வரவில்லை. அன்றைக்கு வந்த வலி முதலில் வந்ததைவிட மோசம். போன் செய்தேன். "அக்கா, சந்தோஷப்படுங்க, இதுதான் ஹீலிங் கிரைசிஸ். கிருமி சாகும்போது நச்சு வெளியே வரும். அதுக்கு ஹெர்க்ஸைமர்னு மெடிக்கல் பேரே இருக்கு" என்றார். தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே அப்படி ஒரு பெயர் இருந்தது! அதனால் நம்பினேன். ஆனால் அதற்கு மேல் படிக்கவில்லை. ஜாரிஷ், ஹெர்க்ஸைமர் என்ற இரண்டு டாக்டர்கள் நூறு வருடத்துக்கு முன் சிஃபிலிஸ் நோயாளிகளிடம் கண்டது அது. சிஃபிலிஸ் மாதிரியான சுருள் கிருமி நோய்களுக்கு மருந்து கொடுத்ததும் சில மணி நேரத்தில் காய்ச்சலும் குளிரும் வரும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். ஒரு நாள். எனக்கு ஐந்து மாதம் அடங்கவில்லை.

இந்த இடத்தில்தான் இந்த வியாபாரத்தின் அச்சாணி இருக்கிறது என்று நினைக்கிறேன். வலி குறைந்தால் மெஷின் வேலை செய்கிறது. வலி கூடினால் மெஷின் ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. ஒன்றும் ஆகாவிட்டால் நான் தண்ணீர் போதுமான அளவு குடிக்கவில்லை, அல்லது நம்பிக்கை போதவில்லை. மெஷின் தோற்றது என்று சொல்ல அந்தக் கணக்கில் ஒரு கட்டமே கிடையாது. நஷ்டக் கணக்கே இல்லாத பேரேட்டை யாராவது என்னிடம் ஆபீஸில் கொண்டுவந்திருந்தால் அடுத்த நிமிடம் கேள்வி கேட்டிருப்பேன். ஆகவே எதையாவது தொடங்கும் முதல் நாளே விற்பவரிடம் கேளுங்கள்: "எந்தத் தேதிக்குள் என்ன மாறாவிட்டால் இது எனக்குப் பலன் தரவில்லை என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்?" பதிலை எழுதி வாங்குங்கள். நல்ல டாக்டர் இதற்குப் பதில் வைத்திருப்பார். என் டாக்டரிடம் பிற்பாடு கேட்டேன், "மூன்று மாதத்தில் வீங்கிய மூட்டு எண்ணிக்கையும் சிஆர்பியும் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுவேன்" என்று யோசிக்காமல் சொன்னார். (சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை.)

நச்சை வெளியேற்ற என்று புட்டிகள் வரத் தொடங்கின. ஒரு கட்டத்தில் பதினொன்று இருந்தன. மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் செறிவு மாத்திரை, அது நன்றாக உறிஞ்சப்பட மிளகிலிருந்து எடுத்த பைப்பெரின் சேர்த்தது. எக்கினேஷியா என்ற மூலிகை, எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதற்காம். எதிர்ப்பு சக்தி வெறிபிடித்துத் தாக்குவதுதான் என் வியாதி, அதற்குப் போய் ஊட்டம் கொடுத்திருக்கிறேன்! முடி கொட்டுகிறது என்றதற்குப் பயோட்டின் என்ற பி வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம்தான் என்பதைப் புட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சதவீதமாகப் போட்டிருந்தார்கள், முப்பத்துமூவாயிரம் சதவீதம் என்று. பார்த்துப் பெருமைப்பட்டேன். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்ட நாட்களில் எனக்கு அவ்வளவு குமட்டியதற்கு ஒரு காரணம், ஃபோலிக் ஆசிட்டை நான் ஒழுங்காகப் போடாமல் விட்டது. "அது ஏதோ வைட்டமின்தானே" என்று அலட்சியம். மெத்தோட்ரெக்சேட்டின் குமட்டலையும் கல்லீரல் பாதிப்பையும் குறைப்பதற்காகத்தான் அதைத் தருகிறார்கள். ஆக, எனக்குப் பலன் உண்டு என்று நிரூபிக்கப்பட்ட ஒரே வைட்டமினை விட்டுவிட்டு பதினோரு புட்டிகளை வாங்கி அடுக்கியிருக்கிறேன்.

மெஷின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கையை உடைத்தது டாக்டரோ புத்தகமோ இல்லை, என் தம்பி. ஊரிலிருந்து வந்திருந்தான். ஸ்கேன் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "அக்கா, உருளையை ஒரு நிமிஷம் கொடு" என்று வாங்கி, நனைத்துப் பிழிந்த ஒரு துண்டை அதில் சுற்றி வைத்துவிட்டு ஸ்கேன் பொத்தானை அமுக்கினான். திரையில் அதே மனித உருவம், அதே சிவப்பு மஞ்சள் விளக்கு. இரண்டு நிமிடத்தில் அறிக்கை வந்தது. ஈரத் துண்டுக்குக் கல்லீரல் பலவீனம், மூட்டில் தேய்மானம், மாதவிடாய்க் கோளாறு. அவன் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த மாதிரிக் கருவிகள் பல, தோலின் மின்தடையைத்தான் அளக்கின்றன. கை வேர்த்தால் ஒரு எண், அழுத்திப் பிடித்தால் ஒரு எண். அதற்கு மேல் இருப்பதெல்லாம் திரையில் வரைந்த படம். இது புதிய தந்திரம்கூட இல்லை. 1920களில் சான்பிரான்சிஸ்கோவில் ஆல்பர்ட் ஏப்ரம்ஸ் என்ற டாக்டர், ஒரு சொட்டு ரத்தத்தின் ‘அதிர்வை’ வைத்து நோய் கண்டுபிடிப்பதாகச் சொல்லி, திறந்து பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பெட்டிகளை வாடகைக்கு விட்டார். சேவலின் ரத்தத்தை மனித ரத்தம் என்று அனுப்பியபோதும் நோய்ப் பட்டியல் வந்ததாம். ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகை ஆராய்ந்து 1924இல் இதில் ஒன்றுமில்லை என்று எழுதியது. நூறு வருடம் கழித்து, சேவலின் இடத்தில் என் வீட்டுத் துண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒரு ஸ்கேனர் இருந்தால் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அல்லது ஒரே ஆளுக்குப் பெயரை மாற்றிப் போட்டு ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை ஸ்கேன் எடுத்து ஒப்பிடுங்கள்.

டாக்டரிடம் திரும்பிப் போக இன்னும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையைத்தான் வெகுநேரம் பார்த்தார். "வந்துட்டீங்கல்ல, அது போதும்மா" என்றார். மெஷினைப் பற்றிச் சொன்னேன். புட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, அது மருந்து என்றே எனக்குத் தோன்றவில்லை. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் வந்ததை முதலிலேயே சொன்னேன். ரத்தத்தில் இரண்டு குழப்பம். கல்லீரல் என்சைம்கள் இயல்பைவிட மூன்று மடங்கு. தைராய்டு அளவோ ஹைப்பர் தைராய்டு, அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய், இருப்பது மாதிரி. "மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு. அதைக் குத்தம் சொல்ல முடியாது. வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அப்போதும் "ஒண்ணுமில்ல டாக்டர், சத்து மாத்திரை மட்டும்தான்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் பதினொன்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் அடுக்கினேன்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தைராய்டு விஷயம் சில நாளில் தீர்ந்தது. அது நோயே இல்லை. பல ஆய்வகங்களில் இந்தச் சோதனையின் ரசாயன முறையிலேயே பயோட்டின் ஒரு பகுதி. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் முடிவு தப்பாக வரும், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையில்கூட, இருக்கும் பாதிப்பு இல்லாததுபோல் காட்டலாம். 2017இல் எஃப்டிஏ இதுபற்றி எச்சரித்தபோது, அப்படித் தவறிய ஒரு நோயாளி இறந்ததையும் குறிப்பிட்டிருந்தது. முடி, நகம் என்று விற்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் லேபிலும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பது டோஸைப் பொறுத்தது, அவர்கள் சொல்வார்கள். கல்லீரல் என்சைம்கள் இறங்கத்தான் ஆறு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி தொடங்க முடியவில்லை. ஏழு மாதம் நானாக வீணாக்கியது, இந்த ஆறு வாரம் புட்டிகள் வீணாக்கியது. குர்குமின் செறிவுதான் காரணமாக இருக்கும் என்று டாக்டர் நினைக்கிறார். பைப்பெரினோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் இப்படிக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறதாம்.

துணை மாத்திரைகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைட்டமின் டி குறைவு என்று ரத்தத்தில் தெரிந்து இப்போதும் சாப்பிடுகிறேன். அளந்து பார்த்துச் சாப்பிடுவது வேறு, பயந்து சாப்பிடுவது வேறு. அமெரிக்காவிலேயே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இவற்றை விற்கும் முன் பலன் உண்டு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2022இல் மூட்டுவலிக்கு என்று விற்ற சில ‘இயற்கை’ மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் லேபிளில் சொல்லாமல் கலந்திருந்ததை எஃப்டிஏ கண்டுபிடித்து எச்சரித்தது. ஆகவே ஒரு மூலிகை மாத்திரை போட்ட இரண்டே நாளில் மூட்டுவலி மாயமாகப் போனால் மகிழ்ச்சி வேண்டாம், சந்தேகப்படுங்கள். அப்படி ஒன்றை நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நரம்புக்கு நல்லது என்று விற்கும் வைட்டமின் பி6 அதிக அளவில் நெடுநாள் போனால் நரம்பையே கெடுக்கும். மனச்சோர்வுக்கு என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை பல மருந்துகளின் பலனைக் குறைத்துவிடும். லேபிளில் ‘தனிக் கலவை’ என்று போட்டு, எது எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாகச் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும், எல்லாப் புட்டிகளின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். "வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று கேட்டால், வாயில் போடும் எல்லாமே அதில் சேர்த்திதான்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். 30 நாள் முடிந்துவிட்டது என்றார்கள். நேரில் வந்த அந்தப் பெண்ணிடம் சண்டை போடப் போனேன், போட முடியவில்லை. அவருக்கும் வலி, அவரும் கடன் வாங்கித்தான் மெஷின் வாங்கியிருக்கிறார், நான்கு பேருக்கு விற்றால்தான் அந்தக் கடன் அடையும். என் நாத்தனாரோடு மட்டும் இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். அது நியாயமில்லை, இப்போது சரியாகிவிட்டது.

இப்போது மறுபடி மெத்தோட்ரெக்சேட்டில் பத்து மாதம். ஃபோலிக் ஆசிட்டை ஒழுங்காகப் போடுகிறேன், மாத்திரையை இரவில் போடச் சொன்னதில் குமட்டலைத் தூங்கிக் கடந்துவிடுகிறேன். காலை இறுக்கம் பத்து நிமிடம். அந்த இரண்டு விரலால் மட்டும் பேனாவை முன்போல் பிடிக்க முடியாது. எண் ஏழை இப்போது வேறு மாதிரி எழுதுகிறேன்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி நான்கு முறை கேட்டேன். எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். போன வாரம் முன்பின் தெரியாத ஒரு எண்ணிலிருந்து ஒரு செய்தி: "அக்கா, உங்க வீடியோ பார்த்தேன். எனக்கும் அதே வியாதிதான். நீங்க மாத்திரையை எந்த வாரத்துல நிறுத்துனீங்க?" எத்தனையோ எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் நிறுத்தாதீர்கள் என்று ஒரு வரி எழுதி, எக்ஸ்ரேயைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை. இவ்வளவையும் உட்கார்ந்து எழுதியது அவருக்காகத்தான்.